மழை பெய்யாத இரவில் ஒழுகிய கூரை

நுவரெலியாவிலிருந்து இராகலைக்குப் போகிற வழியில் கந்தப்பளை. ரோட்டை விட்டுக் கொஞ்சம் கீழே இறங்கினால், லீக்ஸ் பாத்திகளுக்கு நடுவே ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரின் வீடு. நான் வீட்டுப் பிளான் கீறிக் கொடுக்கிறவன். சின்னச் சின்ன வேலைகளுக்கு மேற்பார்வையும் பார்ப்பேன். 2024 பெப்ரவரியில் டீச்சர் போன் எடுத்தார்.

"தம்பி, புதுக்கூரை ஒழுகுதுன்னு நான் சொல்றேன். ஒழுகலன்னு பாஸ் சொல்றாரு. ரெண்டு பேர்ல யாருக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு வந்து பாத்துச் சொல்லுங்க."

பாஸ் என்றால் கூரை போட்ட மேஸ்திரி. போய்ப் பார்த்தபோது இரண்டு பேர் சொன்னதும் சரியாகவே இருந்தது. கூரை ஒழுகவில்லை. ஆனால் சீலிங்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. இதை இருவருக்கும் புரிய வைக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. நடுவில் நானும் ஒரு தப்பான யோசனை சொன்னேன். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என்ன மாறியது

வீட்டில் முன்பு இருந்தது அஸ்பெஸ்டஸ் சீட். பாசி படிந்து, ஓரங்களில் வெடித்து, டீச்சரின் மகள் வந்தபோதெல்லாம் "இத மாத்துங்கம்மா, நெஞ்சுக்கு ஆகாது" என்று நச்சரித்திருக்கிறார். மகள் சொன்னதில் தப்பில்லை. அஸ்பெஸ்டஸ் இறக்குமதியை 2018 தொடக்கத்திலிருந்து கட்டுப்படுத்த இலங்கை அரசாங்கம் முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, நமது தேயிலைப் பொதியில் ஒரு வண்டு இருந்ததாகச் சொல்லி இறக்குமதியை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸை நமக்கு அதிகமாக விற்ற நாடும் ரஷ்யாதான். கொஞ்ச நாளில் நம் தடை ஒத்திவைக்கப்பட்டது, தேயிலையும் போகத் தொடங்கியது. கொழுந்து பறிக்கிறவர்களின் பிழைப்பும் அவர்கள் தலைக்கு மேலே இருக்கிற சீட்டும் ஒரே கயிற்றில் கட்டியிருப்பதை அந்த மாதம்தான் நான் விளங்கிக்கொண்டேன். சரி, அது வேறு கதை.

2023 தீபாவளிக்கு முந்திய வாரம் வேலை முடிந்தது. துத்தநாகமும் அலுமினியமும் கலந்த பூச்சுப் போட்ட 0.47 மில்லிமீட்டர் வண்ணத் தகடு, சுமார் 1,150 சதுர அடி. பழைய சீட்டுகளைச் சுத்தியலால் தட்டி உடைத்து இறக்கியிருக்கிறார்கள். இதைக் கேட்டதும் எனக்கு வயிறு கலங்கியது. நனைத்து, ஆணியை வெட்டி எடுத்து, முழுசாக இறக்கித் தடித்த பொலித்தீனில் சுற்ற வேண்டிய சாமான் அது. உடைந்த துண்டுகள் இப்போது பக்கத்துக் கரட் பாத்திக்கு வரப்பாக நிற்கின்றன.

அதே வேலையோடு வேறு மூன்றும் நடந்தன. விறகடுப்பின் புகைக்கூண்டை எடுத்துவிட்டார்கள், "அதைச் சுத்தித்தான் எப்பவும் ஒழுகும் டீச்சர்" என்று பாஸ் சொன்னதால். சமையல் முழுக்க கேஸுக்கு மாறியது. படுக்கையறையோடு ஒட்டி வெந்நீர் வசதியுடன் ஒரு பாத்ரூம் புதிதாக வந்தது. அதன் மின்விசிறிக் குழாய் சீலிங்குக்கு மேலே போய், அங்கேயே வாயைத் திறந்தபடி நின்றுவிட்டது. கீழே இருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. கொட்டேஷனின் ஐந்தாவது வரியில் "இன்சுலேஷன்" (தகட்டின் அடியில் விரிக்கிற தாள்) என்று எழுதியிருந்ததன் மேல் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. கீறியது டீச்சர்தான்.

"அது என்னத்துக்குன்னு கேட்டேன். வெயில் சூடு உள்ளுக்கு வராம இருக்கன்னாரு. இங்க ஏது வெயில்? கொழும்புக்காரங்க போடுறது நமக்கு எதுக்குன்னு வெட்டிட்டேன்."

யாராக இருந்தாலும் அப்படித்தான் வெட்டியிருப்பார்கள். கடையில் அந்தத் தாளை வெயிலுக்கென்றுதான் விற்கிறார்கள். மலைநாட்டில் அது வெயிலுக்கு அல்ல, குளிருக்கு என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, போடுகிறவருக்கும் தெரியாது.

மூன்று உத்தரவாதங்கள்

முதல் சொட்டு தைப்பொங்கலுக்கு நாலு நாள் முன்பு. பாஸ் வந்து பார்த்தார், முகட்டில் சிலிக்கன் பூசினார். மறுபடி சொட்டியது. மறுபடி சிலிக்கன். மூன்றாவது தடவை, "தகரத்துலதான் ஏதோ கோளாறு, கடையில கேளுங்க" என்றார். கடைக்காரர் வாரண்டி அட்டையைப் பாருங்கள் என்றார். அட்டை டீச்சரிடம் இருந்தது. பளபளவென்று பெரிய எழுத்தில் ஆண்டுக்கணக்கு. பின்பக்கச் சின்ன எழுத்தை அவர் படிக்கவில்லை. நாற்பது வருடம் பிள்ளைகளை "கேள்வியை முழுசா வாசி" என்று அதட்டியவர்!

இந்த மாதிரி அட்டைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அநேகமாக எல்லாம் ஒரே குடும்பம். தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் தகடு தருவார்கள். அதுவும் வருடம் ஏற ஏற பெறுமதி இறங்கிக்கொண்டே போகும். கழற்றுகிற கூலி, மாட்டுகிற கூலி, கெட்டுப்போன சீலிங் எதுவும் அதில் சேராது. தகட்டின் அடியில் நீர் படிவதால் வரும் சேதம், ஈரச் சீமெந்து பட்டது, ஈயம் அல்லது செம்பு தொட்டது, கிரைண்டரால் வெட்டியது ஆகியவை விலக்குகள். கிரைண்டர் விஷயம் வெறும் சாக்கு அல்ல. கிரைண்டரின் சூடு வெட்டு விளிம்பில் பூச்சை எரித்துவிடும். தெறிக்கிற இரும்புத் தூள் தகட்டின் மேல் ஒட்டிக்கொண்டு இரண்டொரு மழையில் செம்புள்ளியாகத் துருப்பிடிக்கும். டீச்சரின் கூரையிலும் பீலிக்கு (கூரை ஓரத்தில் மழைநீர் ஓடுகிற வாய்க்காலுக்கு) மேல் வரிசையாக அந்தப் புள்ளிகள் இருந்தன. வாரண்டி அந்த மூலையில் ஏற்கெனவே செத்துப்போயிருந்தது, யாருக்கும் சொல்லாமல்.

ஆக, ஆலைக்காரர் பொறுப்பு தகட்டுக்கு. கடைக்காரர் பொறுப்பு தந்த சாமான் கேட்ட சாமான்தானா என்பதற்கு. பாஸின் பொறுப்பு பூட்டிய வேலைக்கு. அதுவும் வாயால் சொன்ன "பயப்படாதீங்க டீச்சர், நான் இருக்கேன்" மட்டும்தான். மூன்றும் மூன்று வேலியாக நின்றன. தண்ணீர் அவற்றுக்கு நடுவே விழுந்தது.

சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கான 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், சேவை வழங்குகிற வியாபாரி உரிய கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்வார் என்பதைச் சொல்லாமலே ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்கும் உத்தரவாதமாக எடுத்துக்கொள்கிறது. ஆனால் முறைப்பாட்டை எழுத்தில், சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். நவம்பரில் வேலை முடிந்தது, ஜனவரியில் சொட்டியது, பாஸ் மூன்று தடவை வந்து போனார். காலண்டரைப் பார்த்தபோது மூன்று மாதமும் போய் மேலே ஒரு வாரம் ஆகியிருந்தது. "வந்து பாக்குறேன்" என்ற ஒரு சொல்லில் நாள் எப்படிக் கரைகிறது பாருங்கள். மிஞ்சியது மத்தியஸ்த சபை. டீச்சருக்கு அதில் விருப்பமில்லை. பாஸின் பிள்ளைகள் இரண்டும் அவரிடம் படித்தவை.

பணத்தில் பிடித்து வைத்திருக்கலாமே என்று கேட்டேன். தீபாவளிக்கு ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கணும் என்று பாஸ் நின்றாராம். கணக்கை முழுசாகத் தீர்த்துவிட்டார். பெரிய கட்டட வேலைகளில் பில்லில் ஒரு பங்கைப் பிடித்து வைத்து, குறைதிருத்தக் காலம் முடிந்த பிறகுதான் விடுவார்கள். வீட்டு வேலையில் அப்படிக் கேட்டால் சந்தேகப்படுகிறோம் என்று முகம் சுருங்கும். அதனால் யாரும் கேட்பதில்லை.

கொப்பி

முதல் நாள் நான் ஏணி கேட்கவில்லை, ஒரு பயிற்சிக் கொப்பி கேட்டேன். தினமும் காலையில் நாலு விஷயம் எழுதச் சொன்னேன்: இரவு மழையா, வானம் மூட்டமா தெளிவா, எங்கே சொட்டியது, எத்தனை மணிக்கு. டீச்சர் இடாப்பு எழுதுகிற கையால் கட்டம் போட்டு எழுதினார். பதினெட்டு நாள் எழுதியதில் எட்டுக் காலை சொட்டியிருந்தது. அதில் ஏழு, முந்திய இரவு நட்சத்திரம் தெரிந்த நாட்கள். மழை கொட்டிய மூன்று இரவுகளில் ஒன்றில் மட்டும் ஒரே ஓர் இடத்தில் சொட்டு. நேரம் எப்போதும் ஏழேகாலுக்கும் எட்டுக்கும் நடுவே, வெயில் கிழக்குச் சரிவைத் தொடுகிற நேரம்.

மழைக்கு வாயை மூடிக்கொண்டு தெளிந்த வானத்துக்கு ஒழுகுகிற கூரையில் ஓட்டை தேடிப் பிரயோசனமில்லை.

சீலிங்கின் மேல் ஏறினேன். கறை ஸ்க்ரூ இருந்த இடங்களில் இல்லை. ரீப்பர் (தகட்டைத் தாங்குகிற குறுக்குச் சட்டம்) ஓடுகிற கோட்டிலேயே, மூன்றடிக்கு ஒன்றாக, கீறிவிட்டது போல் நீளமாக ஓடியது. ஓட்டை வழியே வரும் நீர் ஓர் இடத்தில் விழும், தூசியும் பாசியும் கரைந்து பழுப்பாக இருக்கும். இங்கே தகட்டின் அடியில் முத்து முத்தாகத் தெளிந்த நீர். சரிவில் வழுக்கி வந்து ரீப்பரில் முட்டி, அங்கே கீழே விழுகிறது. பாத்ரூம் குழாய் வாய் திறந்திருந்த இடத்தில் கைமரம் கறுத்திருந்தது. ஈரமானியைக் குத்தினால் 27 சதவீதம் காட்டியது. 20க்கு மேலே போனால் பூஞ்சணம் பிடிக்கும், 30ஐ நெருங்கினால் மரம் உக்கத் தொடங்கும்.

ஒருநாள் அங்கேயே தங்கி அதிகாலை ஐந்து மணிக்கு அளந்தேன். வெளியே 10 பாகை. சீலிங்கின் மேல்வெளியில் 11 பாகை, ஈரப்பதம் 96 சதவீதம். தகட்டின் அடிப்பக்கம் 8 பாகை. (துப்பாக்கி மாதிரித் தெரிகிற வெப்பமானியை நேரே தகட்டில் காட்டாதீர்கள், பளபளப்பில் பொய் சொல்லும். ஒரு துண்டுக் கறுப்பு டேப்பை ஒட்டி அதன் மேல் காட்டுங்கள்.) அந்தக் காற்று 10 பாகைக்குக் கொஞ்சம் மேலேயே பனிக்கத் தொடங்கிவிடும். தகடோ 8இல் நிற்கிறது.

தகடு ஏன் வெளிக் காற்றையும் விடக் குளிர்ந்தது? தெளிந்த இரவில் கூரை தன் சூட்டை வானத்துக்கு வீசிவிடுகிறது. மேகம் இருந்தால் அது போர்வை மாதிரி சூட்டைத் திருப்பித் தரும். மழை இரவில் சொட்டாததற்கு அதுதான் காரணம். லீக்ஸ் இலையில் விடியற்காலை வெள்ளை பூக்கிற அதே வித்தைதான். 15 பாகையில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 12.8 கிராம் நீராவி தாங்கும், 10 பாகையில் 9.4 கிராம்தான். மிச்சம் எங்காவது இறங்கியாக வேண்டும். 100 சதுர மீட்டர்த் தகட்டில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு படிந்தாலே 10 லீட்டர், ஒரு வாளித் தண்ணீர்.

பழைய அஸ்பெஸ்டஸிலும் இது நடந்திருக்கும். அது தடித்த சீமெந்துச் சீட், கொஞ்சத்தை உறிஞ்சிக்கொண்டு பகலில் காயவிட்டது. தகடு உறிஞ்சாது. அதோடு வீட்டுக்குள் ஈரமும் கூடிவிட்டது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் ஒன்றரை லீட்டருக்கு மேலே தண்ணீர் ஆவியாக வரும், 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்வதற்குள் ஏறத்தாழ 20 லீட்டர். விறகும் ஆவி விடும்தான், ஆனால் புகைக்கூண்டு அதை வெளியே கொண்டுபோனது. அந்தக் கூண்டு இப்போது இல்லை. மூடுபனி நாளில் உடுப்பும் குசினிக்குள்ளேதான் காய்கிறது.

என் தப்பு

இவ்வளவு தெரிந்தும் நான் முதலில் சொன்னது, "காத்து போகட்டும், வலன்ஸ் பலகைக்குப் பின்னால ரெண்டு பக்கமும் திறந்து விடுங்க" என்பது. (கூரையின் ஓரத்தை மறைக்கிற பலகை அது.) படித்தது அப்படி. சீலிங் பரப்பில் 150இல் ஒரு பங்கு காற்றுவழி வேண்டும் என்பது அமெரிக்கக் கட்டட விதிகளில் உள்ள கணக்கு, நம் பக்கத்துப் புத்தகங்களிலும் அதையே எடுத்து எழுதுவார்கள். திறந்தார்கள். குசினி மேலே சொட்டு குறைந்தது. ஆனால் அதுவரை காய்ந்து கிடந்த கடைசி அறையில் புதிதாகச் சொட்டியது.

காரணம் என் அளவிலேயே இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் வெளிக் காற்றே ஈரத்தால் நிரம்பி நிற்கிறது. அதைவிடக் குளிர்ந்த தகட்டின் அடிக்கு அதைக் கூப்பிட்டு விட்டால், வீட்டு ஆவிக்குப் பதில் ஊர்ப் பனி வந்து படியும். குளிர்காலத்தில் வெளிக் காற்று வறண்டு கிடக்கிற தேசத்தில் அந்தக் கணக்குச் சரி. கந்தப்பளைக்குக் காற்றுவழி மட்டும் மருந்தல்ல. பகலில் காய வைக்க வேண்டும், அதற்கு அளவாகப் போதும். இரவில் படிவதை ஏந்த வேறு ஏதாவது வேண்டும்.

டீச்சர் என்னைத் திட்டவில்லை. கொப்பியில் அன்றைய தேதிக்கு எதிரே "தம்பியின் யோசனை" என்று மட்டும் எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். அது போதாதா?

பேச்சு

பாஸை வரச் சொன்னோம். வந்தவுடனே, "டீச்சர், ஒரு ஓட்டை காட்டுங்க, காசத் திருப்பித் தர்றேன்" என்று ஆரம்பித்தார். நாங்கள் ஓட்டையைப் பற்றிப் பேசவில்லை. பீலிப் பக்கத்திலிருந்து முகடு வரைக்கும் கால் மணிக்கொரு தரம் ஏற்றி ஏற்றி ஹோஸால் தண்ணீர் அடித்தோம். ஒரே இடத்தில்தான் உள்ளே வந்தது: காற்றடிக்கிற பக்கத்து முகட்டுத் தகட்டின் இணைப்பு. அங்கே ஸ்க்ரூவை அளவுக்கு மேல் முறுக்கி ரப்பர் வாசர் பிதுங்கியிருந்தது. கொப்பியில் இருந்த அந்த ஒரு மழைநாள் சொட்டு அதுதான். உண்மையான ஒழுகல் ஒன்று நடுவே ஒளிந்திருந்ததால்தான் இவ்வளவு நாள் எல்லோரும் சிலிக்கனோடு அலைந்தோம்.

"இது என் வேல. நான் சரி பண்றேன்" என்றார், தயங்காமல். அப்புறம் கொப்பியை நீட்டினேன். கொஞ்ச நேரம் புரட்டினார்.

"இத மொதல்லயே காட்டியிருந்தா நான் மூணு தரம் முகட்டுல ஏறியிருப்பேனா டீச்சர்?"

"மொதல்ல எனக்கே தெரியாதே பாஸ்."

கோடு கீறிய ஐந்தாவது வரியை அவரும் கையில் வைத்திருந்தார். அவர் எழுதினார், டீச்சர் வெட்டினார். அந்த நியாயம் அவர் பக்கம். எதற்கென்று தப்பாகச் சொன்னார், புகைக்கூண்டை எடுக்கச் சொன்னார், குழாயைச் சீலிங்குக்குள் விட்டார். இது டீச்சர் பக்கம். கடைசியில் ஒரு தாளில் எழுதினோம். தாள், ரீப்பர், குழாய் செலவு டீச்சருடையது. கழற்றி மாட்டும் கூலியில் பாதி பாஸ் விட்டுக்கொடுப்பது. முகட்டு வேலை முழுக்க அவர் கணக்கு. வெட்டுவதெல்லாம் தகரக் கத்திரியால், கிரைண்டர் கூடாது. கொடுக்கிற கூலியில் பத்தில் ஒரு பங்கு அடுத்த தை வரை டீச்சர் கையில். அந்தக் கடைசி வரிக்கு மட்டும் ஒரு தேநீர் கூடுதலாக ஓடியது.

நான் கவனித்த ஒன்று: நம் ஊர் பாஸ்மார் வாக்குத் தவறுகிறவர்கள் என்று பொதுவாகச் சொல்கிற பழக்கம் இருக்கிறது. இந்த மனிதர் தன் தப்பைக் கண்ணால் பார்த்தவுடன் ஏற்றுக்கொண்டார். அதுவரை யாரும் அவருக்கு எதையும் காட்டவில்லை, குற்றம் மட்டும் சொன்னார்கள்.

வேலை

2024 மார்ச் நடுவில், சித்திரை இடிமழைக்கு முன்னால், சரிவுக்கு ஒரு நாளாக இரண்டு நாளில் முடித்தோம். தகடுகளுக்கு எண் எழுதிக் கழற்றி, கைமரத்தின் மேல் நுரை ஒட்டிய அலுமினியத் தாளை விரித்து, ரீப்பருக்கும் அதற்கும் இடையே கொஞ்சம் தொய்ய விட்டோம். மேல் தாள் கீழ்த் தாளின் மேலே ஏறி நிற்க வேண்டும், மாறினால் எல்லாம் வீண். கீழ் விளிம்பைச் சுவரோடு முடிக்காமல் பீலிக்குள் இறக்கிவிட்டோம். இதைத்தான் பெரும்பாலான இடங்களில் விட்டுவிடுகிறார்கள்; தாள் ஏந்திய தண்ணீர் போக வழியில்லாமல் சுவரில் இறங்கும். பழைய துளைகளிலேயே கொஞ்சம் தடித்த ஸ்க்ரூ. பள்ளத்தில் அடித்திருந்த சிலவற்றை மூடி, தகட்டின் மேட்டில் பாஸ் புதிதாக அடித்தார்.

பாத்ரூம் குழாய் சுவரைத் துளைத்து வெளியே போனது. குசினிச் சுவரில் ஒரு மின்விசிறி. சீலிங்கில் லைட்டுக்கு வெட்டிய துளைகளின் ஓரத்தையும் மேலே ஏறும் மூடியையும் அடைத்தோம், ஏனென்றால் ஆவி துளை தேடித்தான் ஏறும். நான் திறக்கச் சொன்ன வலன்ஸ் பலகையை வலையடித்துப் பாதியாகக் குறைத்தோம். கறுத்த கைமரம் தப்பியது. ஆனி மாதம் குத்திப் பார்த்தபோது 18 சதவீதம்.

2025 ஜனவரியில், பிடித்து வைத்த காசைக் கொடுக்கிற நாளில், நானும் போயிருந்தேன். முந்திய இரவு பளிச்சென்ற வானம். விடிந்தபோது லீக்ஸ் பாத்தி முழுக்க வெள்ளை. சீலிங் காய்ந்திருந்தது. ஏழரைக்கு வெயில் பட்டதும் வெளியே சளசளவென்று சத்தம். மழை இல்லை, ஆனால் பீலியில் தண்ணீர் ஓடுகிறது. பாஸ் ஓடிப்போய் மேலே பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். டீச்சர் பீலிக் குழாயின் கீழே ஏற்கெனவே வாளி வைத்திருந்தார். எட்டு மணிக்கு அரை வாளி. கொப்பியை எடுத்து அதையும் எழுதினார்.